இடது போய்விட்டது, வலது நிற்கிறது

போன மாதம் எங்கள் கட்டடத்தின் முன்கதவில் ஓர் அறிவித்தலை ஒட்டியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கொஞ்ச நேரம் 'ஷ்ட்ரோம்' இருக்காதாம், இடைஞ்சலுக்கு மிகவும் வருந்துகிறார்களாம். ஷ்ட்ரோம் என்றால் சுவிஸில் கரண்ட். அன்றைக்கு மேல்மாடிக்காரர் சுடுதண்ணீர்ப் போத்தலை முதல் நாளே நிரப்பி வைத்தார். கீழ்வீட்டுப் பெண் மெழுகுதிரி வாங்கினாள். கரண்ட் போனதும் எல்லாரும் படிக்கட்டுக்கு வந்து, மரணவீட்டில் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்கள். சொன்ன நேரத்துக்கு விளக்கு எரிந்தது. நான் கண்டிப் பழக்கத்தில், "ஏய்ய்ய்!" என்று கூவிக் கைதட்டிவிட்டேன். கீழ்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்து, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டாள். கண்டியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அப்படித்தான் கூவும். கரண்ட் போனால் ஒரு "ஓ!", வந்தால் ஒரு "ஏய்!". இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

கரண்டை வைத்துத்தான் எனக்குப் பிழைப்பு. பாசல் நகரத்து விமான நிலையத்தில், பணக்காரர்கள் சொந்தமாக வைத்திருக்கும் சின்ன ஜெட் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பனியில் மின்சாரப் பகுதிக்கு நான். யாழ்ப்பாணத்துக்காரரான என் கணவர், கேட்பவர்களிடம், "ஓம், அவ பிளேனுக்கு வயர் பாக்கிறவ" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். கண்டியில் அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. அக்கா கமலா சொந்தக்காரர்களிடம், "தேவிக்கு ஃப்ளைட்ல வேலை" என்று சொல்லி வைத்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பிலிமத்தலாவையில் இருக்கும் சித்தி, விமானத்தில் மிஞ்சும் சென்ட் போத்தல்களை எனக்குத் தருவார்களா என்று கேட்டு ஆள் அனுப்பினார். நான் போனில் விளக்கிச் சொன்னேன். "வயரிங் வேலைக்கா சுவிசுக்குப் போன? அதுக்கு இங்கயே வீடு கட்டுறாங்களே" என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை, என் மேலாளர் ஊர்ஸ் மேசைக்கு வந்து நின்றார். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் ஜெட், இலங்கையில் கட்டுநாயக்கவில் நிற்கிறது. முதலாளி பல்லேகலையில் டெஸ்ட் கிரிக்கெட் பார்க்கப் போயிருக்கிறார், மூன்று நாள் கழித்துப் பிற்பகல் மாலைதீவுக்குப் பறக்க வேண்டும். விமானத்தில் இரண்டு என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் கரண்ட் எடுக்க ஒரு ஜெனரேட்டர். கட்டுநாயக்கவில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வலது ஜெனரேட்டர் தானாகக் கழன்றுகொண்டதாம். பயணிகள் இருக்கும் கேபின் முழுவதும் இருட்டு. விமானி சுவிட்சைத் திருப்பிப் போட்டால் வேலை செய்கிறது, பிறகு மறுபடியும் போகிறது.

"நீ அந்த ஊர்க்காரிதானே, உனக்கு எல்லாம் தெரியும்" என்றார் ஊர்ஸ். ஜெட் விமானம் கண்டியில் தேங்காய் மாதிரி விளைகிறது என்று நினைத்தாரோ என்னவோ. வெளிநாட்டுக்குத் தனியாக அனுப்பப்படுவது எனக்கு அதுதான் முதல் தடவை. "முடியாவிட்டால் உடனே சொல், வேறு ஆளை அனுப்புகிறேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வேறு ஆள் பக்கத்து மேசையில் இருந்து என்னை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவிடம் சொல்லாமல்தான் போனேன். இரண்டு நாளும் கட்டுநாயக்கவிலேயே போய்விடும். சொன்னால் அத்தானின் வேனில் பாதிப் பல்லேகலையை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். சந்தித்து, அழுது, சாப்பிட்டு முடிப்பதற்குள் முதலாளி மாலைதீவுக்கு நீந்தித்தான் போகவேண்டியிருக்கும். திரும்பிப் போனபின் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கட்டுநாயக்கவில் என் சிவப்பு சுவிஸ் கடவுச்சீட்டைப் பார்த்த குடிவரவு அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய், வெள்ளைக்காரர்களில் இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிறவரை இதுவரை பார்த்ததில்லை என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு என் முகத்தையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். விமானங்கள் நிற்கும் பக்கத்துக்குப் போகும் வாசலில், காவலுக்கு நின்றவர் என் கருவிப் பெட்டியைக் கவனிக்கவே இல்லை. "ஹோஸ்டஸ்லா அர பெத்தென்" என்று பணிப்பெண்கள் போகும் வழியைக் காட்டினார். நான் பெட்டியைத் திறந்து குறடுகளைக் காட்டினேன். "இதெல்லாம் எதற்கு, கதவு திறக்கவா?" என்று கேட்டார்.

ஜெட் நல்ல பிள்ளையாக நின்றது. கண்டியில் கண்ட இடமெல்லாம் சுற்றிப்பார்க்க முதன்மை விமானி கப்டன் ரேட்டோ முதலாளியோடு போய்விட்டார். துணை விமானி மட்டும் இருந்தான். அவனை உட்காரவைத்து என்ஜின்களை ஓடவிட்டேன். விளக்குகள், பம்புகள், கோப்பி இயந்திரம் என்று விமானத்தில் இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். வலது ஜெனரேட்டர் ஒரு தடவைகூடக் கழன்றுகொள்ளவில்லை. ஜெனரேட்டரைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினேன். பழுது பெட்டியில் இருந்தால் இப்போது இடதுபக்கம் போகவேண்டும். எந்தப் பக்கமும் போகவில்லை. மருந்துக்கடை வாசலைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளைகள் உண்டே, அந்த மாதிரி. இருக்கிற பழுதைத் திருத்தலாம், ஒளிந்துகொண்ட பழுதை என்ன செய்வது? மறுநாள் காலையிலும் அதே கதைதான். அது போன நேரத்தில் விமானத்துக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கப்டனைக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. கைபேசியில் கூப்பிட்டேன்.

எடுத்தார். காதைப் பிளக்கும் சத்தம், மேளம், ட்ரம்பெட். கத்திக் கேட்டேன்.

"கப்டன், ஜெனரேட்டர் போனபோது சரியாக என்ன நடந்தது?"

"இடது போய்விட்டது!" என்றார் அவர் உற்சாகமாக.

விமானத்தின் பதிவில் வலது என்றுதான் இருந்தது. "இடதா? வலது இல்லையா?"

"இல்லை, இல்லை. வலது இன்னும் நிற்கிறது. ஆனால் அதுவும் ரொம்ப நேரம் தாங்காது என்கிறார்கள்."

"யார் சொல்கிறார்கள்?"

"எல்லாரும்!"

அதோடு இணைப்பு அறுந்தது. பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் போகவில்லை. ஒன்றரை நாளாகப் பழுதில்லாத பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேனா? எல்லாருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றா? உடுத்திருந்த செம்மஞ்சள் வேலை ஜாக்கெட்டோடு ஒரு வாடகை வேனைப் பிடித்து, கண்டிக்கு விடச் சொன்னேன். வேன்காரர் வழியெல்லாம் வானொலியில் கிரிக்கெட் வைத்தார். கடுகண்ணாவை ஏற்றத்தில் வாகன நெரிசலில் நிற்கும்போது அறிவிப்பாளர், காலையில் இடதுகை ஆட்டக்காரர் ஆட்டமிழந்தார், வலதுகை ஆட்டக்காரர் இன்னும் நிலைத்து நிற்கிறார் என்றார். நான் வேனின் முன் இருக்கையில் தலையை முட்டிக்கொண்டேன். "தலவலியா மிஸ்?" என்று வேன்காரர் இஞ்சி டொஃபி ஒன்று கொடுத்தார். திரும்பிப் போகலாம் என்றால் பாதி வழிக்கு மேல் வந்தாயிற்று. கப்டனிடம் கேட்கவேண்டிய கேள்வியும் அப்படியே இருந்தது.

மைதானத்தில் பிரமுகர்கள் அமரும் இடத்தில் கப்டன் இல்லை. புல்மேட்டில், மேளமும் ட்ரம்பெட்டும் முழக்கும் பப்பரே வாத்தியக்காரர்களுக்கு நடுவே கண்டுபிடித்தேன். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த முகம், தலையில் யாரோ கட்டிவிட்ட கொடி, ஆட்டமோ நம்மூர் பைலா. சுவிஸில் ஒரு கோப்பி குடிக்கக்கூட முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளும் மனிதர். என்னைக் கண்டதும், "இது ஐந்து நாள் நடக்குமாம், கடைசியில் யாரும் வெல்லாமலும் போகலாமாம்! நம்புவாயா?" என்று கத்தினார். ஜெனரேட்டர், ஜெனரேட்டர் என்று நான் அவர் காதில் கத்தினேன். இறங்கும்போது போயிற்று, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை என்றார். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் கையை ஆட்டி ஆட்டித் திரும்பக் கேட்டேன்.

அப்போது என் கைபேசி அதிர்ந்தது. அக்கா.

"எங்கடி இருக்க?"

"பாசல்லதான் க்கா. வேலையில."

"ஓஹோ. அங்கயும் பப்பரே அடிக்கிறாங்களா?"

நான் கைபேசியைக் கையால் பொத்தினேன்.

"அப்ப டிவியில வெள்ளக்காரரப் போட்டு ஏசுறது யாரு? செம்மஞ்சள் சட்ட போட்டுக்கிட்டு? பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து சொல்றாங்க, 'ஒங்க தங்கச்சி டிவியில சண்ட புடிக்கிறா'ன்னு."

ஒளிபரப்புக்காரர்களுக்கு அன்றைக்கு ஆட்டத்தைவிட நாங்கள் சுவாரசியமாக இருந்திருக்கிறோம். இரண்டு தடவை காட்டினார்களாம். நான் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது, அக்காவுக்கும் எனக்கும் இடையில் கண்டி மழை வந்து விழுந்தது. ஊர் மழை முன்னறிவித்தல் ஒட்டிவிட்டு வருவதில்லை. ஆட்டம் நின்றது, புல்மேடு வழுக்கியது, நானும் கப்டனும் நனைந்த கோழிகளாக வெளியே வந்தோம். அக்கா வீடு குண்டசாலைப் பக்கம், நடக்கிற தூரம்தான். முதலாளி தன் காரில் ஹோட்டலுக்குப் போய்விட்டார், எங்களுக்குப் பக்கத்தில் வேறு போக்கிடம் இல்லை.

கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கப்டனைப் பார்த்து, "வாங்க சேர், வாங்க, உள்ள வாங்க. நீங்களாவது வந்தீங்களே" என்றாள். அவருக்குத் துவாய், அவருக்கு டீ, அவருக்கு வடை. அத்தான் கதிரையைத் தொலைக்காட்சிக்கு நேராக இழுத்துப் போட்டு, மழை நின்றால் ஆட்டம் எப்படிப் போகும் என்று கப்டனுக்குத் தமிழில் விளக்கத் தொடங்கினார். கப்டன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "கெனாவ், கெனாவ்" என்றார். அவர் பாஷையில் 'சரியாகச் சொன்னீர்கள்' என்று அர்த்தம். அத்தானுக்கு மனிதரை மிகவும் பிடித்துவிட்டது.

நான் மூலையில் நின்றேன். அக்கா கப்டனிடம் சொன்னாள்: "சேர், ஒங்க மெக்கானிக் அம்மாகிட்ட சொல்லுங்க, டீ ஆறுது."

கப்டன் என்னிடம் திரும்பி, "உன் அக்கா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"டீ ஆறுகிறதாம்."

"என்னிடமா சொல்கிறார்?"

"இல்லை, என்னிடம்."

"பிறகு ஏன் என்னிடம் சொல்கிறார்?"

சுவிஸ்காரருக்கு அதை விளக்குவதைவிட ஜெனரேட்டரை விளக்குவது சுலபம். அதற்குள் அக்காவே என் பக்கம் திரும்பிவிட்டாள். "பிளேனுக்கு நோவுன்னா அடுத்த ஃப்ளைட்ல வந்து எறங்குற. மனுசருக்குன்னா லீவு இல்ல. ஏழு வருசமா இந்த வாசல்ல நான் ஒன்னயப் பாக்கல தேவி. டிவியிலதான் பாக்கணும்னு எழுதியிருக்கு போல."

கப்டனுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். வடையைத் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமலோ என்னவோ, கப்டனின் நனைந்த சேர்ட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். "ஈரத்தோட இருந்தா சளி புடிக்கும். அயன் பண்ணிக் காய வச்சுத் தாரேன்."

அத்தானின் சாரத்தையும் துவாயையும் சுற்றிக்கொண்டு கப்டன் உட்கார்ந்திருந்தார். உள்ளே அக்கா அயன் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் ஒரு கணம் மங்கின. தொலைக்காட்சி சுருங்கி விரிந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்த ஸ்டெபிலைசர் 'டக்' என்று அணைந்தது.

கப்டன் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். சாரம் நழுவப் பார்த்தது. "அதுதான்! அந்தச் சத்தம்! முதலில் மங்கியது, பிறகு 'டக்', பிறகு இருட்டு!"

"இந்த ஏரியாவுல வீடு கூடிப்போச்சு" என்றார் அத்தான், பழி தன் வீட்டு வயரிங்கின்மேல் விழாதபடி.

நான் அடுக்களைக் கதவு வழியாக அயன் பெட்டியைப் பார்த்தேன். கப்டனும் அதைப் பார்த்தார். பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் முகத்தின் வெயில் சிவப்புக்கு மேலே இன்னொரு சிவப்பு ஏறியது.

"கப்டன்," என்றேன், "அந்த நேரத்தில் கேபினில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?"

"முதலாளிக்குக் கசங்கிய சேர்ட் பிடிக்காது" என்றார் மெல்ல. "கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போவேன். ஒரு சின்ன நீராவி இஸ்திரி. இரண்டு நிமிடம்தான்."

கேபினில் இருக்கும் பிளக்குகள் கைபேசிக்கும் கணினிக்கும் ஆனவை. அதில் இஸ்திரியைச் செருகினால் வலது ஜெனரேட்டரின் தலையில் மூட்டை ஏற்றியது மாதிரி. ஆனால் நல்ல ஜெனரேட்டர் அதையும் முனகிக்கொண்டு தாங்கும். தாங்கவில்லை என்றால், கரண்ட் போகிற அல்லது திரும்பி வருகிற வழியில் எங்கோ ஒரு பிடி தளர்ந்திருக்கிறது. மூட்டை ஏறினால்தான் அது தெரியும். நான் கட்டுநாயக்கவில் அவ்வளவு பெரிய மூட்டையை ஏற்றவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கையில் சூடான அயன் பெட்டியோடு, "விடுடி, சுட்டுரும்" என்றாள். ஆனால் உதறவில்லை.

அன்றிரவு பேசித் தீர்த்தோம் என்று எழுத ஆசைதான். உண்மையில் அக்கா சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன், நான் தூங்கிவிட்டேன். விடிந்ததும் எங்களை அத்தானின் வேனில் ஏற்றினார்கள். கடுகண்ணாவை வழி நெரிசல் என்று அத்தான் குருணாகல் பாதையைப் பிடித்தார். கலகெதர வரை அக்கா வாய் திறக்கவில்லை. கலகெதரவில் டீக்கு நிறுத்தியபோதுதான் கேட்டாள்.

"நம்ம வீட்டுல எர்த்துன்னு மண்ணுல கம்பி குத்தி வச்சிருக்கே. வானத்துல எங்க கொண்டுபோய்க் குத்துவீங்க?"

"குத்த எடமில்ல க்கா. பிளேனோட ஒடம்புதான் அதுக்கு எர்த். எல்லாக் கரண்டும் அதுக்குள்ளயே திரும்பி வரும்."

அக்கா டீயை ஊதினாள். "பாவம்" என்றாள். விமானத்தையா என்னையா என்று நான் கேட்கவில்லை. பிறகு அவள் பேசத் தொடங்கினாள். கட்டுநாயக்க வரை நிறுத்தவில்லை. யார் செத்தது, யார் வீடு விற்றது, சித்தி இன்னும் சென்ட் போத்தலை எதிர்பார்ப்பது. ஏழு வருடத்தை மூன்று மணி நேரத்தில் சுருக்கி ஊற்றினாள். கப்டன் பின் இருக்கையில், மடிப்புக் குலையாத சேர்ட்டில், வாய் திறந்து தூங்கினார்.

அக்காவையும் அத்தானையும் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் விட்டுவிட்டுப் போனேன். கப்டனின் நீராவி இஸ்திரியைக் கேபினில் செருகினேன். வலது ஜெனரேட்டரின் எர்த் முனைக்கும் விமானத்தின் உடம்புக்கும் நடுவே நீள வயரில் மீட்டரைக் கட்டி, அதைக் கேபினுக்குள் வைத்துக்கொண்டேன். அவை இரண்டும் ஒட்டியிருக்க வேண்டியவை. மீட்டர் எதையும் காட்டக்கூடாது. என்ஜின்கள் ஓடின. இஸ்திரி ஆவி விட்டது. மீட்டர் முள் மெல்ல எழுந்தது. விளக்குகள் மங்கின. டக். இருட்டு. நான் தனியாகக் கேபினில் நின்று, "ஏய்ய்ய்!" என்று கூவினேன். கரண்ட் போனதற்கு அப்படிக் கூவியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என்ஜினை நிறுத்திப் பார்த்தால், எர்த் கம்பியைப் பிடித்திருந்த முறுக்காணி பாதி வழியில் நின்றிருந்தது. அடியில் கறுத்துக் கிடந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, உரிய அளவுக்கு இறுக்கி, மறுபடியும் இஸ்திரியைப் போட்டேன். ஜெனரேட்டர் முனகக்கூட இல்லை. பதிவில், 'கேபினில் அதிக மின்சுமை' என்று எழுதினேன். கப்டன் எட்டிப் பார்த்து, இஸ்திரி என்ற சொல் இல்லாததைக் கண்டு, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பிளக்குக்கு மேலே, 'இஸ்திரிக்கு அல்ல' என்று ஜெர்மனில் ஒரு துண்டு ஒட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

முதல் பறப்பில் நீயும் கூடப் போ, மாலைதீவிலிருந்து டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று பாசலிலிருந்து சொன்னார் ஊர்ஸ். ஆகவே நான் அக்காவிடம் போனில்தான் விடைபெற்றேன். "நீ போறத நாங்க வேலிக்கு வெளிய நின்னு பாக்குறோம். சன்னலப் பாத்துக்கிட்டே இரு" என்றாள். என் இருக்கை இருந்த பக்கம் நீர்கொழும்புக் களப்பு மட்டும்தான் தெரிந்தது. நான் களப்புக்குக் கை காட்டினேன்.

அன்றைக்கு அத்தான் எடுத்த காணொளி என் கைபேசியில் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது டிராமில் சில நாள் போட்டுப் பார்ப்பேன். படம் குலுங்குகிறது, அத்தான் மூச்சு வாங்குகிறார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பி வேலியைப் பிடித்து, ஒரு பெரிய விமானத்துக்குக் கை காட்டுகிறாள். "அந்தா போறா, தேவி! தேவி!" அத்தானின் குரல்: "கமலா, அது சாமான் ஏத்துற பிளேன்." "அப்ப அவ எங்க?" கைபேசி வானத்தில் அலைகிறது. ஓர் ஓரத்தில், அரிசி மணி அளவுக்கு வெள்ளையாக ஒன்று மேலே ஏறுகிறது. அதற்குள் நான் இருக்கிறேன். அக்காவின் கை இன்னும் சாமான் விமானத்தின் பக்கமே ஆடிக்கொண்டிருக்கிறது.

நேற்று டிராமில் அந்த இடம் வந்தபோது, என்னை அறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: "இந்தப் பக்கம் க்கா, இந்தப் பக்கம் பாரு."

எதிரே இருந்தவர் நான் இடம் கேட்கிறேன் என்று நினைத்து, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.